புதுப்பிப்பு: தம்பியின் கல்யாண உடை முடிவாகிவிட்டது

ரிசப்ஷனுக்குத் தம்பிக்கு ஷெர்வானியா, கோட் சூட்டா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. கடைசியில் இரண்டுமே இல்லை!

அவன் கைத்தறிச் சட்டையின் கையை மடித்துவிட்டுத் திரிகிறவன். கழுத்து மூடினாலே நெளிவான். ஷெர்வானியைப் போட்டுப் பார்த்தபோது யார் வீட்டு மாப்பிள்ளையோ என்றிருந்தது. அதனால் முகூர்த்தத்துக்கு மயில்கண் கரை போட்ட சேலம் வெண்பட்டு வேட்டி, பட்டுச் சட்டை. ரிசப்ஷனுக்கும் வேட்டிதான், மேலே கரும்பச்சை ராசில்க் சட்டை. பெண் அரக்கு நிறக் காஞ்சிபுரம் கட்டுகிறாள். அதே நிறத்தில் சட்டை எடுக்கச் சொன்ன அத்தையைச் சமாளிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. நிறம் வேறாக இருந்தாலும் இரண்டிலும் ஜரிகை ஒரே மங்கல் தங்கம், அது போதும்.

தையல்காரர் சொன்ன ஒரு விஷயம்: சட்டையைப் போட்டுக்கொண்டு தாலி கட்டுவதுபோல் இரண்டு கையையும் முன்னால் நீட்டிப் பார்க்க வேண்டும். தம்பி நீட்டினான், அக்குளில் பிடித்தது. பிரித்து அரை இஞ்ச் விட்டுக் கொடுத்தார். அப்புறம், பட்டு வேட்டி இடுப்பில் வழுக்கும். ஒட்டிக்கோ வேட்டி வேண்டாம் என்கிறான். உள்ளே பெல்ட் போட்டுக்கொள்வானாம்.

செருப்பு மட்டும் பாக்கி. கோலாப்புரி எடுக்கலாமென்று இருக்கிறோம், புதுசு கடிக்கும் என்பதால் இந்த வாரமே.