தோட்டப்புற ஆண்களிடையே மனநல விழிப்புணர்வு: அனுபவமுள்ளவர்களின் ஆலோசனை தேவை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டமொன்றின் ஆலய மண்டபத்தில், தைப்பூசத்திற்குப் பிறகு மனநல விழிப்புணர்வுக் கூட்டங்கள் நடத்தி வருகிறோம். பெண்கள் வருகிறார்கள், ஆண்கள் வருவதில்லை. சிலர் மட்டும் வேலிக்கு வெளியே, மோட்டார் சைக்கிளை விட்டு இறங்காமலேயே ஒலிபெருக்கியில் கேட்டுவிட்டுப் போகிறார்கள். கூட்டத்தை வெள்ளிக்கிழமைப் பூசைக்குப் பின் வைத்துப் பார்த்தோம், சம்பள நாளில் துண்டறிக்கை கொடுத்தோம், தொழிலாளர்களை மேற்பார்வையிடும் மண்டோரையும் பேசவைத்தோம் (அவர் முன்னிலையில் எவரும் வாய் திறக்கவில்லை, அதில் வியப்புமில்லை). தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆவது பிரிவு 2023இல் நீக்கப்பட்டதையும், சுகாதார அமைச்சின் 15555 உதவி எண்ணையும் விளக்கிய பின்னரும், உண்மையைச் சொன்னால் போலீஸ் வரும் என்ற அச்சம் அகலவில்லை. தோட்டப்புறங்களில் இப்பணியைச் செய்தவர்கள், ஆண்களிடம் எந்த இடத்தில், யாரைக் கொண்டு பேச்சைத் தொடங்கினீர்கள்?