ஆட்டுக்காரர் எந்த டீம்? ஒடுகத்தூர்ப் பக்கம் நடந்த எம்டிபி (மலை சைக்கிள்) போட்டி அனுபவங்கள்

அணைக்கட்டு ரோடு எழுதியது:

தை மாதக் கடைசியில் வேலூர் மாவட்டம் ஒடுகத்தூர்ப் பக்கம் மலையடிவாரத்தில் நடந்த சைக்கிள் போட்டிக்கு நம் ஆட்கள் நிறையப் பேர் வந்திருந்தீர்கள். யார் எத்தனையாவது என்ற பட்டியல் எல்லோர் கைக்கும் வந்துவிட்டது, அதை விடுங்கள். பாதையில் யாரைப் பார்த்தீர்கள், என்ன நடந்தது என்று எழுதுங்கள். நானே தொடங்கிவைக்கிறேன். அந்த ஆட்டுக்காரர் விவகாரத்தில் பஞ்சாயத்து இன்னும் ஓய்ந்தபாடில்லை.

வராதவர்களுக்காகப் பாதையைச் சொல்லிவிடுகிறேன். ஏரிக்கரையில் தொடக்கம். கரை முடிந்ததும் மாட்டுவண்டித் தடம், ஒரு மாந்தோப்பு, அப்புறம் மொட்டைப் பாறையில் ஏற்றம். நம்மூர்ப் பாறை காய்ந்திருந்தால் டயரை நன்றாகப் பிடிக்கும். அதன்மேல் ஒரு பிடி மணல் கிடந்தால் போச்சு, ஆளைக் கவிழ்த்துவிடும். உச்சியிலிருந்து ஓடைக்குள் இறக்கம். பிறகு வற்றிய ஏரிக்குள்ளே சீமைக் கருவேல மரங்களுக்கு நடுவில் வளைந்து வளைந்து மறுபடி கரைக்கு வர வேண்டும். ஒரு சுற்று 5 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. காப்புக்காட்டுக்குள் நுழையாமல் வெளியிலேயே பாதை போட்டிருந்தார்கள். அது நல்ல வேலை.

எங்கள் டீம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் சத்துவாச்சாரியில் ஒரு டீக்கடை முன்னால் கூடுகிற கும்பல் அது. பேங்கில் வேலை செய்கிறவர் ஒருவர், லேப் டெக்னீஷியன் ஒருவர், ராணிப்பேட்டையில் தோல் கம்பெனி சூப்பர்வைசர் ஒருவர், ஒரு கல்லூரிப் பையன், நான். ஜெர்சி மட்டும் ஒரே கலர்.

சூப்பர்வைசரை நாங்கள் மாஸ்டர் என்போம். 40 வயதுக்கு மேற்பட்டோர் பிரிவு. வண்டி பழைய 26 இன்ச் சக்கரம், டயருக்குள் ட்யூப். எல்லோரும் 29 இன்ச்சுக்கும் ட்யூப்லெஸுக்கும் மாறிய பிறகும் மனிதர் மாறவில்லை. அன்றைக்கு இரண்டாவது சுற்றில் மூன்றாவதாகப் போய்க்கொண்டிருந்தார். ஏரிக்குள் இறங்கியதும் பின்சக்கரத்தில் காற்று போய்விட்டது. பத்தடி தள்ளி நான் அறுந்த செயினை ஒட்டவைக்கிற குயிக் லிங்க் கண்ணியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அதனால் நடந்தது எல்லாம் என் கண் முன்னால்தான்.

ட்யூபை மாற்றினார், பம்ப் அடித்தார், ஏறினார். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி புஸ். ட்யூபை மாற்றினால் போதுமா, டயருக்குள் முள் நிற்கிறதே! நெருஞ்சி காய்ந்தால் துண்டு துண்டாகப் பிரியும். ஒவ்வொரு துண்டும் எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேலே பார்த்து நிற்கும். உடைந்த நுனி டயர் ரப்பருக்குள் போய்விட்டால் வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது.

அப்போதுதான் அவர் வந்தார். தோளில் துண்டு, கையில் தொரட்டிக் கோல், பின்னால் முப்பது நாற்பது ஆடு. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். "இன்னா நைனா, முள்ளு உள்ளயே கீதே, காத்த அடிச்சி இன்னா புரோஜனம்?" என்றார். மாஸ்டர் பதில் சொல்வதற்குள் டயரை வாங்கிவிட்டார். உள்பக்கத்தை வெளியே திருப்பி, கட்டை விரலை மெதுவாக ஓட்டிக்கொண்டே வந்தார். ஒரு இடத்தில் விரல் நின்றது. அரைஞாண் கயிற்றில் தொங்கிய முள்வாங்கியை எடுத்தார், கண்ணை இடுக்கினார், நுனியைப் பிடித்து ஒரே இழுப்பு. நெருஞ்சி இரண்டு, கருவேல முள் நுனி ஒன்று. உள்ளங்கையில் வைத்துக் காட்டிவிட்டுத் தூர எறிந்தார். "ஆட்டுக் கால்ல எடுக்கறதுதான்" என்று சொல்லிவிட்டு ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். மாஸ்டர் ஒட்டுப் போட்டு ஏறினார். மூன்றாவதாகவே முடித்தார்.

முடித்ததும் புகார். போட்டி விதியில் தெளிவாக இருக்கிறது: பழுது பார்க்க உதவி தேவையென்றால் அதற்கென்று ஒதுக்கிய இடத்துக்கு வர வேண்டும், பாதையில் போட்டியாளர்கள் ஒருவருக்கொருவர் உதவலாம், வெளியாள் கைவைக்கக் கூடாது. தலைமை நடுவர் இரண்டு பக்கமும் கேட்டார். "ஆட்டுக்காரர் எந்த டீம்?" என்று அவர் கேட்டதும் கூட்டமே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. 2 நிமிடம் அபராதம் போட்டார். மாஸ்டர் நான்காவது.

என் கட்சி இதுதான். 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலை சைக்கிள் போட்டி முதல்முறை சேர்ந்தபோது வெளி உதவியே கிடையாது. பஞ்சர் ஆனாலும் செயின் அறுந்தாலும் அவரவரே பார்த்துக்கொள்ள வேண்டும். உதவிக்கென்று தனி இடம் ஒதுக்கியதெல்லாம் பின்னால் வந்தது. காசுள்ள டீம் பாதை முழுக்க மெக்கானிக்கை நிறுத்தி வைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. தன் ஏரியில் ஆடு மேய்க்கிற மனிதர் அந்தக் கணக்கில் வருவாரா?

காட்பாடிக்காரன் எழுதியது:

வருவார். புகார் கொடுத்தது நான்தான், ஒளிக்க ஒன்றுமில்லை.

அண்ணா கதையை அழகாகச் சொல்லிவிட்டார், ஒரு பகுதியை மட்டும் விட்டுவிட்டார். முதல் சுற்றில் அதே ஏரிக்குள் எனக்கும் பஞ்சர். அதே ஆட்டுக்காரர் என்னிடமும் வந்தார். "குடு நைனா, எடுத்துத் தரேன்" என்றார். வேண்டாங்க, ஆட்டத்திலிருந்து தூக்கிவிடுவார்கள் என்று சொல்லிவிட்டு, வண்டியைத் தோளில் போட்டுக்கொண்டு உதவி இடம் வரைக்கும் ஓடினேன். சைக்கிள் ஷூவை மாட்டிக்கொண்டு உழுது போட்ட நிலத்தில் ஓடிப் பாருங்கள், அப்புறம் என் கட்சிக்கு வந்துவிடுவீர்கள். நான் தள்ளிவிட்ட கையை மாஸ்டர் பிடித்துக்கொண்டார், அவர் மூன்றாவது, நான் நான்காவது என்றால் எந்த ஊர் நியாயம்?

மாஸ்டர் மேல் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. அபராதம் சொன்னதும் "சரிப்பா" என்று ஒரே வார்த்தை, போய் மோர் குடித்தார். கோபம் எல்லாம் அவர் டீம்காரர்களுக்குத்தான்.

இன்னொன்று. நான் ட்யூப்லெஸ். அப்படியிருந்தும் ஏன் பஞ்சர் என்று கேட்பீர்கள். ஓட்டையை அடைப்பதற்காக உள்ளே ஊற்றுகிற சீலன்ட் திரவம் நம் வெயிலில் இரண்டு மூன்று மாதத்திலேயே காய்ந்து தோலாகிவிடுகிறது. தீபாவளிக்கு ஊற்றியதை நம்பித் தை மாதம் ஏரிக்குள் போகக் கூடாது. வால்வைக் கழற்றி, ஒரு குச்சியை விட்டு, ஈரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ட்யூப்லெஸ்காரர்கள் குத்திய முள்ளைப் பிடுங்கவும் வேண்டாம். முள்ளே ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கும், வீட்டுக்கு வந்து எடுத்துக்கொள்ளலாம்.

கிரீன் சர்க்கிள் எழுதியது:

ஆம்பிளைகள் எல்லாம் முள்ளைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். மாந்தோப்பு ஓரத்தில் உங்களுக்குத் தண்ணீர் நீட்டிக்கொண்டு நின்றவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை.

பெண்கள் பிரிவு காலையிலேயே முடிந்துவிட்டது. விரல் விட்டு எண்ணிவிடலாம் எங்களை. அதனால் மத்தியானம் வரைக்கும் நான்தான் எங்கள் டீமுக்குப் பாட்டில் கொடுத்தேன். பாட்டில் கொடுப்பதில் ஒரு வித்தை இருக்கிறது. மேல் மூடிப் பக்கம் இரண்டு விரலால் லேசாகத் தொங்கவிட்டுப் பிடிக்க வேண்டும். நடுவில் இறுக்கிப் பிடித்தால் வருகிறவர் கைக்கு இடமில்லை, இரண்டு பேர் விரலும் மோதி பாட்டில் கீழே போகும். அவர் வருகிற திசையிலேயே நாமும் இரண்டு எட்டு நடக்க வேண்டும். ஏற்றம் தொடங்குவதற்கு முன்னால் கொடுத்தால் குடிக்க மாட்டார்கள், மூச்சு வாங்கும். நம் ஆட்களுக்கு இதைச் சொன்னால் "தண்ணி குடுக்கறதுக்கு ட்ரெய்னிங்கா" என்று சிரிப்பார்கள். அன்றைக்கு எத்தனை பாட்டில் மண்ணில் உருண்டது என்று தோப்புப் பசங்களைக் கேளுங்கள், அவர்கள்தான் பொறுக்கினார்கள்.

நான் சந்தித்த ஆள் தோப்புக் காவலுக்கு இருக்கிற ஒரு ஆயா. காலையிலிருந்து என் பக்கத்திலேயே ஒரு கல்லின்மேல் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொருவர் போகும்போதும் எங்கே போகிறார்கள் என்று கேட்டார். எங்கேயும் இல்லை ஆயா, இங்கேயேதான் சுற்றிச் சுற்றி வருவார்கள் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "செக்கு மாடு மாதிரியா?" என்றார். ஆமாம் என்று சொல்வதைத் தவிர எனக்கு வேறு பதில் தெரியவில்லை. ஜெயித்தால் எவ்வளவு கொடுப்பார்கள் என்று அடுத்த கேள்வி. தொகையைச் சொன்னேன். வண்டி என்ன விலை என்றார். அதையும் சொன்னேன். அதற்கப்புறம் அவர் யாரையும் பார்த்துக் கைதட்டவில்லை, ஒவ்வொருவரையும் பரிதாபமாகப் பார்த்தார்.

வெயில் ஏறியதும் உள்ளே போய் ஒரு தூக்கு நிறைய மோர் கொண்டுவந்தார், கறிவேப்பிலை கிள்ளிப் போட்டு, உப்புத் தூக்கலாக. காட்பாடி அண்ணாவும் குடித்தார். மோர் கொடுத்தது வெளியாள், ஆனால் ஒதுக்கிய இடத்துக்குள் கொடுத்தார், எனவே செல்லும்.

பொடியன் எழுதியது:

மாஸ்டர் டீமில் இருக்கிற கல்லூரிப் பையன் நான்தான். ஓப்பன் பிரிவில் இறங்கினேன். மூன்றாவது சுற்றிலேயே கொடி காட்டி ஓரமாக நிறுத்திவிட்டார்கள். முன்னால் போகிறவருடைய முதல் சுற்று நேரத்தில் 80 சதவீதம் அளவுக்கு நாம் பின்தங்கிவிட்டால் அத்தோடு சரி. உலகப் போட்டிகளிலும் இதேதான், முந்தி வருகிறவர்களுக்கு வழி அடைபடக் கூடாது என்பதற்காக. விதியை முன்னாலேயே படித்திருந்தேன், என்னைத்தான் முதலில் நிறுத்துவார்கள் என்று எதிர்பார்க்கவில்லை.

நிறுத்திய இடத்தில் ஊர் ஜனம் மொத்தமும் நின்றது. "ஏன் கண்ணு உன்ன மட்டும் புடிச்சி வச்சிட்டாங்க, இன்னா தப்பு பண்ண?" என்று ஒரு அம்மா கேட்டார். மெதுவாக ஓட்டியதால் என்றேன். "மெதுவாப் போறதுக்குமா புடிப்பாங்க? எங்கூட்டுப் பையன் வேகமாப் போறான்னுதான் போலீஸ்ல புடிச்சாங்க" என்றார். அங்கேயே ஒருவர் தன் பையனின் சைக்கிளைக் கொண்டுவந்து பிரேக் பிடிக்கவில்லை, பாரு என்று நீட்டினார். போட்டி முடியும்வரை பிரேக் கட்டை மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். என்னைப் பொறுத்தவரை நல்ல நாள்.

ஆம்பூரான் எழுதியது:

போட்டிக்கு நான் வரவில்லை, பயிற்சியில் நடந்ததைச் சொல்லலாமா? ஏலகிரி ஏறும்போது. 14 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் ஒரு வள்ளல் அல்லது புலவர் பெயர் வைத்திருப்பது தெரிந்ததே. பாரி வளைவில் மூச்சு வாங்க ஒரு காலை ஊன்றினேன். முதுகுப் பாக்கெட்டில் இருந்த வாழைப்பழத்தை ஒரு குரங்கு உருவிக்கொண்டு போய்விட்டது. அவர் முல்லைக்குத் தேர் கொடுத்த இடத்தில் நான் பழம் கொடுத்தேன். உச்சிக்குப் போகும்வரை வயிற்றில் வேறு ஒன்றும் இல்லை.

அணைக்கட்டு ரோடு எழுதியது:

பாரியை விட நீ ஒரு படி மேல் ஆம்பூரான், அவன் மனசாரக் கொடுத்தான்.

காட்பாடிக்காரரே, நீங்கள் ஆட்டுக்காரர் உதவியை மறுத்தது எனக்கு இப்போதுதான் தெரியும். இருந்தாலும் என் கட்சியை முழுதாக விட்டுக்கொடுக்க மாட்டேன். இப்படி வைத்துக்கொள்வோம்: உங்களுக்கு மூன்றாவது இடம் நியாயம், 2 நிமிட அபராதம் அதிகம். 1 நிமிடம் போட்டிருந்தாலும் இடம் மாறியிருக்கும், மனசும் இவ்வளவு கசந்திருக்காது.

மாஸ்டர் இங்கெல்லாம் எழுத மாட்டார், நான் படித்துக் காட்டினேன். "அந்தத் தம்பி செஞ்சது கரெக்ட்டு" என்றார். ஒடுகத்தூர் ஆட்டுச் சந்தைக்குப் போய் அந்த மனிதரைத் தேடிப் பிடித்து டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். ஏரிக்குள் வடக்குப் பக்கமாகப் போனால் நெருஞ்சி கம்மி, ஆடு அந்த வழியாகத்தான் போகும் என்று அவர் சொன்னாராம். பாதை போடுகிறவர்களிடம் இதைச் சொல்லியிருக்கிறோம். இரண்டாவது உதவி இடம் ஒன்றை ஏரி முனையில் வைக்கச் சொல்லியும் கேட்டிருக்கிறோம். அதற்குக் காட்பாடி டீமும் சேர்ந்து கேட்டால் நடக்கும்.

புதிதாகச் சேர விரும்புகிறவர்கள் நிறையப் பேர் தனியாகக் கேட்கிறீர்கள். வண்டி எதுவானாலும் சரி, கியர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. முதலில் உங்கள் தெருவில் இருக்கிற சைக்கிள் கடையில் வீல் கோட்டம் எடுத்து, பிரேக் கட்டை பார்த்துக்கொள்ளுங்கள். ஞாயிறு காலை ஐந்தரைக்கு டீக்கடை முன்னால். ட்யூப் இரண்டு, பம்ப், தண்ணீர் கட்டாயம். ஹெல்மெட் இல்லாமல் வருகிறவர்கள் டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.