பேரூராட்சி ரோடு கணக்கை ஆர்.டி.ஐ.ல எப்படி கேக்குறது?

தெருவாசி:
எங்க தெருவுல போன கோடையில சிமெண்ட் ரோடு போட்டாங்க, ஒரு மழைக்கே ஜல்லி மேல வந்துருச்சு, குழாய்க்கு வெட்டின எடத்துல பாத்தா மூணு விரக்கடை கனம் கூட இல்ல. ஆபீஸ்ல கேட்டா "உங்களுக்கு எதுக்கு அந்தக் கணக்கு, யாரு அனுப்பினா"ங்கறாங்க. ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) மனு போடப் போறேன். "ஏன் இவ்வளவு மோசமா போட்டீங்க, யாரு பொறுப்பு"ன்னு எழுதி வச்சிருக்கேன், சரியா இருக்குமா? காரணம் சொல்லணுமா?

மனுக்காரன்:
காரணம் சொல்லவே வேணாம் சார், 2005 சட்டத்துல பிரிவு 6(2) அதைத்தான் சொல்லுது, பேரும் முகவரியும் போதும். ஆனா "ஏன்"னு மட்டும் கேக்காதீங்க, "இது தகவல் இல்ல"ன்னு ஒரு வரியில முடிச்சு அனுப்பிருவாங்க. ஆபீஸ்ல இருக்கற காகிதத்தைக் கேளுங்க. அந்த ரோட்டோட எஸ்டிமேட், ஒர்க் ஆர்டர், எம் புக் (அளவுப் புத்தகம்), பில் கொடுத்த வவுச்சர், இதுக்கெல்லாம் நகல் வேணும்னு தெரு பேரும் வருஷமும் போட்டு எழுதுங்க. இதுல எம் புக்தான் முக்கியம், நீளம் அகலம் கனம் எல்லாம் அளந்ததா எழுதி இன்ஜினியர் கையெழுத்து போட்டிருப்பாரு, அதுல இருக்கற கனத்தையும் உங்க தெருவுல வெட்டின எடத்தையும் பக்கத்துல வச்சுப் பாத்தா போதும், நீங்க யாரையும் ஏன்னு கேக்கவே தேவையில்ல.

தஞ்சாவூர் அக்கா:
10 ரூபா கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டி "பொதுத் தகவல் அலுவலர்"னு போட்டு அனுப்புங்க தம்பி, அங்க யாரு அந்தப் பொறுப்புல இருக்காங்கன்னு தேடி அலைய வேணாம். வேற ஆபீஸுக்குப் போகவேண்டிய மனுவா இருந்தா 5 நாளைக்குள்ள அவங்களேதான் மாத்தி அனுப்பணும், பிரிவு 6(3). நகலுக்கு பக்கத்துக்கு 2 ரூபா. 30 நாளைக்குள்ள பதில் வரலைன்னா அப்புறம் நகலே இலவசம்.

தெருவாசி:
ரொம்ப நன்றிக்கா. பதிலே வரலைன்னா?

தஞ்சாவூர் அக்கா:
அடுத்த 30 நாளைக்குள்ள மேல் அதிகாரிக்கு முதல் மேல்முறையீடு, அதுக்கு பீஸ் கிடையாது. அதுவும் ஆகலைன்னா 90 நாளைக்குள்ள சென்னையில தகவல் ஆணையத்துக்கு ரெண்டாவது. அங்க விசாரணைக்கு வர நாளாகும், ஆனா விட்டுராதீங்க, தப்பு அலுவலர் மேலன்னா நாளுக்கு 250 ரூபா வீதம் 25,000 வரைக்கும் அபராதம் போடலாம், அது அவரு சொந்தக் காசு.

மனுக்காரன்:
இன்னொண்ணு, அதே சட்டத்துல பிரிவு 2(j)ல வேலையைப் பாக்கவும், போட்ட பொருள்ல சான்றளிச்ச மாதிரி எடுக்கவும் உரிமை இருக்கு. ரோட்டுல மாதிரி எடுக்கணும்னு இந்த மனுவுலயே சேத்து எழுதுங்க. தனியா போகாம தெருக்காரங்க ரெண்டு மூணு பேரா, ஆளுக்கு ஒரு மனுவா கையெழுத்து போட்டு குடுத்தா நல்லது, ஒரே ஆளை மட்டும் கூப்பிட்டு மிரட்ட முடியாது. நேர்ல குடுத்தா ரெண்டாவது காப்பியில தேதியோட சீல் வாங்காம வராதீங்க.