கணவாய்க்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் (குடும்பக் குழு)

டிசம்பர் 16, காலை

தென்காசி தம்பி: [புகைப்படம்]
1971ல் பாகிஸ்தான் டேங்குகளை நொறுக்கித் தள்ளிய எங்கள் பெரியப்பாவுக்கு வெற்றி நாள் வணக்கம் 🇮🇳🇮🇳 செங்கோட்டை மண்ணின் சிங்கம்!! எல்லாக் குரூப்புக்கும் அனுப்புங்க

புனலூர் அக்கா: 🙏🙏 மீசை அப்பவே அப்படித்தானா

அம்மு: தாத்தா செம்ம!! எங்க ஸ்கூலில் இதே சப்ஜெக்ட்ல சார்ட் பண்ணச் சொல்லியிருக்காங்க. டேங்க் வரைஞ்சு பாதி முடிச்சிட்டேன்

பெரியப்பா: படம் என்னுடையதுதான். டேங்க் என்னுடையது இல்லை. நான் ஒரு டேங்கையும் நொறுக்கவில்லை. தயவுசெய்து வேறு குரூப்புக்கு அனுப்ப வேண்டாம்.

தென்காசி தம்பி: பெரியப்பா, 23 குரூப்புக்குப் போயிடுச்சு

தென்காசி தம்பி: சரி, அழிக்கிறேன்

இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

அம்மு: அப்போ தாத்தா சண்டையில் என்னதான் செஞ்சீங்க?

பெரியம்மா: கேட்டாச்சா. இனி இன்றைக்கு இவர் குளித்த மாதிரிதான்.

பெரியப்பா: அம்மு, நான் மதராஸ் சாப்பர்ஸ். ராணுவம் முழுக்க எங்கள் ஆட்களைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடும். பாலம் போடுவது, ரோடு போடுவது, கண்ணிவெடி புதைப்பது, எடுப்பது எல்லாம் எங்கள் வேலை. பரங்கிமலையில் பயிற்சி முடித்து, பெங்களூர் அல்சூர் போய், அங்கிருந்து ஜம்மு பக்கம். அப்போது எனக்கு 23 வயது. செகண்ட் லெப்டினன்ட். என் கீழே இருந்த ஹவில்தாருக்கு என்னைவிட 15 வயது கூட. யார் யாருக்கு அதிகாரி என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

பெரியப்பா: பசந்தர் என்று ஓர் ஆறு, பாகிஸ்தானுக்குள் ஷகர்கர் பக்கம். ஆற்றின் பெயர் பெரிதாக இருக்கிறதே தவிர, நம் ஊர்க் குண்டாற்றில் மழைக்கு வருகிற தண்ணீர்கூட அதில் இல்லை. பிரச்சினை தண்ணீர் இல்லை, சேறும் கண்ணிவெடியும். 15ஆம் தேதி ராத்திரி காலாட்படை முதலில் கடந்து அக்கரையில் இடம் பிடித்துவிட்டது. பின்னாலேயே டேங்க் போக வேண்டும். வழி எடுப்பது நாங்கள்.

அம்மு: எப்படி எடுப்பீங்க? மெஷின் வச்சா?

பெரியப்பா: மெஷின் உண்டு. காதில் மாட்டிக்கொண்டு கேட்க வேண்டும். ஆனால் இரும்பு குறைவாக உள்ள கண்ணியை அது பிடிக்காது. அதனால் கம்பிதான். குப்புறப் படுத்துக்கொண்டு கம்பியைச் சாய்வாக மண்ணுக்குள் விட வேண்டும். நேராகக் குத்தினால் கண்ணியின் தலையில் படும். சாய்த்து விட்டால் விலாவில் தட்டும். தட்டினால் நிறுத்து. சுற்றிலும் விரலால் மண்ணை எடு. கல்லாக இருந்தால் உனக்கு அதிர்ஷ்டம்.

பெரியப்பா: டேங்குக்கு வைத்த கண்ணி மனிதன் மிதித்தால் பொதுவாக வெடிக்காது. அதை எடுக்க வருகிறவனுக்காக நடுநடுவே சின்னதைப் புதைத்திருப்பான். அது கால் வைத்தாலே போதும்.

பெரியப்பா: குளிர் வேறு. செங்கோட்டைக்காரனுக்கு மார்கழிப் பனிதான் குளிர். அங்கே விரல் மரத்துப்போய், தொடுவது மண்ணா கண்ணியா என்றே தெரியவில்லை. ஹவில்தார் வந்து என் கையைப் பிடித்து அவருடைய கம்பளிச் சட்டைக்குள், அக்குளில் வைத்துக்கொண்டார். 'சூடாகட்டும் சார், அவசரமில்லை' என்றார். மேலே குண்டு பறக்கிறது, அவர் அவசரமில்லை என்கிறார்.

புனலூர் அக்கா: அட! அதனாலதான் பெரியப்பா இப்பவும் தென்னங்குழி வெட்டும்போது கடப்பாரையைச் சாய்த்துக் குத்துறீங்களா? ஆளுங்க சிரிப்பாங்களே

பெரியப்பா: சிரிக்கட்டும்.

தென்காசி தம்பி: டேங்க் எப்போ வந்துச்சு பெரியப்பா?

பெரியப்பா: நாங்கள் பாதி வழிகூட எடுக்கவில்லை. அக்கரையில் எதிரி டேங்க் சத்தம் கேட்கிறது, உடனே வேண்டும் என்கிறார்கள். டேங்க் ரெஜிமென்டான பூனா ஹார்ஸ்காரர்கள் காத்திருக்கவில்லை. எடுக்காத கண்ணி மேலேயே ஓட்டிக்கொண்டு போனார்கள். கண்ணி எடுத்த வழிக்கு அடையாளமாக ஓரத்தில் வெள்ளை நாடா போட்டிருப்போம். நான் அதன் பக்கத்தில் படுத்தபடி பார்த்தேன். மறுநாள் அங்கேதான் பூனா ஹார்ஸின் அருண் கேத்ரபால் இறந்தது. பரம் வீர் சக்ரா. என்னைப் போலவே செகண்ட் லெப்டினன்ட், 21 வயது. டேங்கை நொறுக்கியது அந்தப் பையன். அந்தப் பெயரைப் போடு தம்பி, என் படத்தை இல்லை.

தென்காசி தம்பி: 🙏 சரி பெரியப்பா

பெரியப்பா: அதே 16ஆம் தேதிதான் டாக்காவில் சரணடைந்து கையெழுத்துப் போட்டார்கள். எங்கள் பக்கம் 17 ராத்திரி 8 மணிக்குத்தான் நின்றது. நீங்கள் எல்லாம் அதோடு சண்டை முடிந்தது என்று லட்டு கொடுக்கிறீர்கள்.

அம்மு: முடியலையா?

பெரியம்மா: போதும், விடுங்கள். சின்னப் பெண்.

(20 நிமிடம் யாரும் எதுவும் எழுதவில்லை)

பெரியப்பா: 12 வயது ஆகிறது, கேட்கட்டும். சண்டை 14 நாள். கண்ணி எடுத்தது மாதக்கணக்கில். எதிரி புதைத்தது மட்டும் இல்லை, எல்லை நெடுக நாமே புதைத்ததும். ஊரைவிட்டுப் போன விவசாயிகள் திரும்பி வந்து வரப்பில் உட்கார்ந்திருப்பார்கள், எப்போது உழலாம் என்று. நாம் புதைத்ததற்கு வரைபடம் உண்டு. வரிசைக்கு எத்தனை என்று கணக்கு உண்டு. ஒரு வரிசையில் ஒன்று குறைந்தது. மழையில் நகர்ந்திருக்கும் என்று சுற்றிலும் தேடினோம். கிடைக்கவில்லை. பழைய இடத்திலேயே வெடித்துப் போயிருக்கும் என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் பகல் 11 மணிக்கு, தேநீர் கொண்டுவந்த பையன் அதை மிதித்தான். இடது கால், கணுக்காலுக்கு மேலே.

புனலூர் அக்கா: ஐயோ

பெரியப்பா: ஆரியங்காவுப் பையன். ஊர்க்காரன் என்று நான்தான் என் செக்ஷனில் கேட்டு வாங்கியிருந்தேன்.

புனலூர் அக்கா: பெரியப்பா... செக்போஸ்ட் பக்கத்தில் டீக்கடை வைத்திருந்தாரே, கட்டைக்கால் மாமா. கல்யாணமாகிப் புனலூர் வந்த புதிதில் நீங்கள் பஸ்ஸை விட்டு இறங்கி அங்கேதான் டீ வாங்கித் தருவீங்க. அவரா?

பெரியப்பா: அவர்தான். புனே செயற்கைக்கால் மையத்தில் பொருத்தினார்கள்.

புனலூர் அக்கா: அம்மா அவருக்கு ரயிலில் கால் போனது என்று சொன்னாளே!

பெரியப்பா: அவரே எல்லாரிடமும் அப்படித்தான் சொன்னார். 'யுத்தம்னு பறஞ்சா கதை கேக்கும் சாரே, தீவண்டின்னு பறஞ்சா ஆரும் கேக்கில்லா' என்பார்.

நான்: அவருக்குத் தெரியுமா பெரியப்பா? கையெழுத்து விஷயம்?

பெரியப்பா: முதல் தடவை கடைக்குப் போனபோதே சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டு டீ ஆற்றிக்கொண்டே இருந்தார். அப்புறம் 'சர்க்கரை கூட்டட்டே?' என்று கேட்டார். அவ்வளவுதான்.

பெரியம்மா: அவர் கண்ணை மூடும்வரை இவர் மாதத்துக்கு இரண்டு தடவை போவார். என்னிடம் பேங்க் வேலை என்று சொல்லிவிட்டு. ஆரியங்காவில் என்ன பேங்க் என்று நானும் கேட்டதில்லை.

அம்மு: தாத்தா, சார்ட்டில் டேங்க் வரைஞ்சு கலரும் அடிச்சாச்சு. கிழிச்சிடவா?

பெரியப்பா: வேண்டாம், டேங்க் இருக்கட்டும். அதற்கு முன்னால் இரண்டு பக்கமும் வெள்ளை நாடா போடு. நடுவில் டேங்க் இடிக்காமல் போகிற அளவு இடம் விடு.

அம்மு: நாடா பக்கத்தில் ஆள் வரையணுமா?

பெரியப்பா: ராத்திரி. படுத்திருப்பார்கள், தெரியாது. வேண்டுமானால் ஒரு கம்பி வரை. சாய்த்து.