பழைய ஏஆர்-15, முனையில் வெல்டிங் செய்த ஃபிளாஷ் ஹைடர்: வாங்கலாமா?

கேட்டவர் (டெக்சாஸ்)

வணக்கம். போன வருடம்தான் அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தது. நண்பர் ஒருவரின் பண்ணையில் காட்டுப்பன்றித் தொல்லை அதிகம். அவரோடு வேட்டைக்குப் போய்ப் பழகிவிட்டதால் சொந்தமாக ஒரு ரைஃபிள் வாங்கலாம் என்று இருக்கிறேன். பக்கத்துத் துப்பாக்கிக் கடையில் பழைய ஏஆர்-15 ஒன்று 550 டாலருக்குக் கிடைக்கிறது. பேரல் (குழல்) 14.5 அங்குலம். முனையில் பறவைக்கூண்டு மாதிரி இருக்கும் வழக்கமான ஃபிளாஷ் ஹைடர் (சுடும்போது வரும் தீப்பிழம்பைக் குறைக்கும் துண்டு). "பின் (சிறு உலோக ஆணி) போட்டு வெல்டிங் செய்திருக்கிறது, கழற்றவே முடியாது, அதனால் சட்டப்படி சரி" என்றார் கடைக்காரர். வெல்டிங் செய்துவிட்டால் குட்டையான பேரல் எப்படி நீளமாகும்? வாங்கினால் பின்னால் வம்பு வருமா?

பதில் 1 (டெக்சாஸ், 12 வருடமாக வேட்டையாடுகிறேன்)

வாங்கும் முன் கேட்டீர்களே, ரொம்ப நல்லது. 1934-ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டப்படி ரைஃபிளின் பேரல் 16 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, மொத்த நீளம் 26 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. குறைந்தால் அது தனியாகப் பதிவு செய்ய வேண்டிய ஆயுதமாகிவிடும். பதிவில்லாமல் வைத்திருந்தால் பத்தாண்டு வரை சிறை. விற்றவர் தப்பாகச் சொன்னார் என்றாலும் துப்பாக்கி இருப்பது உங்கள் கையில்தான்.

சும்மா திருகி மாட்டிய ஃபிளாஷ் ஹைடர் இந்த நீளத்தில் சேராது. நிரந்தரமாகப் பொருத்தியிருந்தால் அதுவும் பேரல்தான். நிரந்தரம் என்று ஏடிஎஃப் (துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் கூட்டாட்சி அமைப்பு) ஏற்பது முழுச் சுற்று வெல்டிங், 1100 டிகிரி ஃபாரன்ஹீட் வெப்பத்தில் செய்யும் வெள்ளிப் பற்றவைப்பு, பின் அடித்து அதன் தலைமேல் வெல்டிங் ஆகியவற்றை. மரையில் எவ்வளவு வலுவான பசை போட்டிருந்தாலும் செல்லாது.

ஆனால் உங்கள் பதிவில் என்னை உறுத்துவது வேறு. "வழக்கமான" ஃபிளாஷ் ஹைடர் என்கிறீர்கள். அதன் நீளம் சுமார் 1.75 அங்குலம். அதில் 0.6 அங்குலம் பேரலின் மரைமேல் உட்கார்ந்துவிடும். முனைக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்பது 1.15 மட்டும். 14.5 உடன் கூட்டினால் 15.65. எவ்வளவு அழகாக வெல்டிங் செய்திருந்தாலும் 16 வரவில்லை! 14.5 பேரலுக்கு என்றே நீளமான ஹைடர்கள் தனியாக விற்கிறார்கள், அது ஏன் என்று இப்போது புரியும். சிலர் 14.5 என்று பேச்சுக்குச் சொல்வார்கள், உண்மையில் 14.9 இருக்கும். அதனால் அளந்து பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

அளப்பது சுலபம். கடைக்காரரையே செய்யச் சொல்லுங்கள். மேகசீனைக் கழற்றி, சேம்பர் (தோட்டா உட்காரும் இடம்) காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொண்டு, போல்ட்டை (சேம்பரைப் பின்னாலிருந்து அடைக்கும் பாகம்) மூட வேண்டும். முனை வழியாக மெல்லிய மரக்குச்சியை போல்ட் முகத்தில் முட்டும்வரை விட்டு, ஹைடரின் கடைசி விளிம்புக்கு நேராகக் குறி வைத்து, குச்சியை வெளியே எடுத்து அளக்க வேண்டும். அதுதான் சட்டம் பார்க்கும் நீளம்.

பதில் 2 (பென்சில்வேனியா)

நீளம் சரியாக வந்தாலும் இன்னொரு விஷயத்தை யோசியுங்கள். ஏஆர்-15-இல் கேஸ் பிளாக் (சுடும் வாயுவை எடுத்து போல்ட்டை இயக்கவைக்கும் பாகம்), ஹேண்ட்கார்டைப் (பேரலைச் சுற்றிய கைப்பிடி உறை) பிடிக்கும் பேரல் நட் எல்லாம் முனை வழியாகத்தான் கழன்று வரும். முனையை வெல்டிங் அடைத்துக்கொண்டால் இவை எதையும் மாற்ற முடியாது. என்னுடையதில் கேஸ் பிளாக் லேசாக நகர்ந்து, ஒவ்வொரு குண்டுக்கும் கையால் போல்ட்டை இழுக்க வேண்டியதாகிவிட்டது. ஹைடர் கழலும் துப்பாக்கியாக இருந்தால் சின்ன வேலை. எனக்கோ, உரிமம் உள்ள கன்ஸ்மித் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) ஒருவர் வெல்டிங்கை இயந்திரத்தால் சீவி எடுத்து, புது ஹைடர் வாங்கி, மறுபடி பின் போட்டு வெல்டிங் செய்ய 180 டாலர் ஆனது. பழைய ஹைடர் வீணாய்ப் போனது. தயவுசெய்து இதை வீட்டில் முயலாதீர்கள். ஹைடர் கழன்ற நிமிடமே உங்கள் கையில் இருப்பது பதிவில்லாத குட்டை ரைஃபிள்.

சைலன்சரையும் முனையில்தான் மாட்ட வேண்டும்; பிற்பாடு அந்த எண்ணம் வந்தாலும், கழற்ற முடியாத இந்த ஹைடர்தான் கதி.

இத்தனைக்கும் மிச்சமாகும் நீளம் எவ்வளவு? 16 அங்குல பேரலில் வழக்கமான ஹைடர் மாட்டினால் இதைவிட ஒரே ஒரு அங்குலம்தான் கூடுதல். பன்றி வேட்டைக்கு அந்த ஓர் அங்குலத்தால் என்ன வந்துவிடப் போகிறது?

பதில் 3 (நியூ ஜெர்சி)

இதைப் படிப்பவர்களில் எச்-1பி விசாவில் இருப்பவர்கள் பலர். கடையில் நிரப்பும் 4473 படிவத்தில் குடியுரிமை நிலை கேட்பார்கள். கிரீன் கார்டு இருந்தால் வாங்கலாம். எச்-1பியில் இருந்தால் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற விலக்கு இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பதே கூட்டாட்சிக் குற்றம். அப்புறம், டெக்சாஸ் விதி எல்லா மாநிலத்துக்கும் பொருந்தாது. கலிஃபோர்னியா, நியூயார்க், எங்கள் நியூ ஜெர்சியில் ஃபிளாஷ் ஹைடருக்கே தனிக் கட்டுப்பாடு உண்டு. வேலை மாறி இங்கே வர நேர்ந்தால் அந்தத் துப்பாக்கியைக் கொண்டுவர முடியாமல் போகலாம்.

கேட்டவர்

சனிக்கிழமை போய் அளந்துவிட்டு வந்தேன். கடைக்காரர் குச்சி விட்டுப் பார்த்தார். 15 அங்குலமும் ஐந்தெட்டும். மறுபடி அளந்தார், அதேதான். ஹைடரின் அடியில் வெல்டிங் பொட்டு சுத்தமாக இருந்தது, வேலையில் குறையே இல்லை. யாரோ தப்பான ஹைடரை ரொம்பச் சரியாக ஒட்டியிருக்கிறார். அவரும் வெல்டிங்கை மட்டும் பார்த்துவிட்டு வாங்கி வைத்திருக்கிறார். முகம் வெளுத்துப்போய் உடனே அதை விற்பனை அலமாரியிலிருந்து எடுத்துவிட்டார்.

முதல் பதில் எழுதிய அண்ணாவுக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. எனக்கு இரண்டு சின்னக் குழந்தைகள் இருக்கிறார்கள்.

அங்கேயே 16 அங்குல பேரலோடு இன்னொரு பழைய ஏஆர் 600 டாலருக்கு இருக்கிறது. ஹைடர் கழலும். அதில் எதைப் பார்க்க வேண்டும்?

பதில் 1

நிம்மதியாக இருக்கிறது, தம்பி. ஹைடரைக் கழற்றச் சொல்லி பேரல் முனையைப் பாருங்கள். காது குடையும் பஞ்சுக் குச்சியால் உள்விளிம்பை ஒரு சுற்றுத் தடவுங்கள். எங்காவது நூல் சிக்கினால் அங்கே பிசிர் அல்லது அடிபட்ட இடம் இருக்கிறது. பேரல்மேல் தோட்டா வகை 5.56 என்று பொறித்திருக்கிறதா, .223 என்றா என்பதையும் பாருங்கள். .223 மட்டும் என்றால் அதில் 5.56 தோட்டா போடக் கூடாது. கேஸ் பிளாக்கை அசைத்துப் பார்த்து ஆடவில்லை என்றால் பேரம் பேசத் தொடங்கலாம்.