நாஸ் பெட்டியில் ஒரு டிஸ்க் போகப் போகிறது, எப்படி மாற்றுவதுங்க?

தறிக்குடோன்:
எல்லாருக்கும் வணக்கமுங்க. ஊர் சோமனூர் பக்கம். பழைய டெஸ்க்டாப்பில் ஓப்பன்மீடியாவால்ட் என்ற மென்பொருளைப் போட்டு, வீட்டு நெட்வொர்க்கில் ஃபைல் சேமிக்கிற நாஸ் பெட்டியாக்கி, நாலு 4 டிபி டிஸ்க்கை ரெய்டு 5 ஆகக் கட்டி (ஒரு டிஸ்க் போனாலும் மற்ற மூன்றை வைத்துத் தகவலை மீட்கிற அமைப்பு) நாலரை வருஷமாக ஓட்டுகிறேன். 12 டிபி இடத்தில் 6 டிபி சொச்சம் நிரம்பிவிட்டது. அண்ணன் கல்யாண வீடியோ எடுக்கிறவர், அவருடைய ஃபைல்கள்தான் பெரும்பகுதி. அதோடு வீட்டுப் பத்திர ஸ்கேன், எங்கள் அமுச்சி உயிரோடு இருந்தபோது எடுத்த நாலைந்து வீடியோ.

போன வாரத்திலிருந்து ஸ்மார்ட் (டிஸ்க் தன் உடம்பு நிலையைத் தானே எண்ணெண்ணாகக் கணக்கு வைக்கிற வசதி) எச்சரிக்கை மெயில் வருகிறது. நாலில் எஸ்டிசி என்று பெயர் காட்டுகிற டிஸ்க்கில் 197 ஆம் எண் முதலில் 8 காட்டியது, நேற்று 56. 5 ஆம் எண் 24. நீண்ட சோதனை ஓட்டினால் கொஞ்ச நேரத்திலேயே படிக்க முடியவில்லை என்று நின்றுவிடுகிறது. பெரிய ஃபைல் எதையாவது காப்பி செய்தால் பெட்டிக்குள் டக் டக் என்று சத்தம், அப்புறம் அஞ்சாறு விநாடி கப்சிப், அப்புறம் ஒன்றும் நடக்காத மாதிரி ஓடுகிறது. எஸ்டிஏ-விலும் 199 ஆம் எண் 312 என்று இருக்கிறது, அதுவும் போகப் போகிறதா?

ஞாயிற்றுக்கிழமை எஸ்டிசியை உருவிவிட்டுப் புதுசு மாட்டலாம் என்று இருக்கிறேன். கடையில் சிசிடிவி டிஸ்க் விலை குறைவாகச் சொல்கிறார்கள், அதைப் போடலாமா?

பொள்ளாச்சி இளநீர்:
நாலு டிஸ்க்கும் ஒரே நாளில் வாங்கியதா?

தறிக்குடோன்:
ஆமாங்க, ஒரே பில். ஏனுங்க?

பொள்ளாச்சி இளநீர்:
ஒரே வயசு, ஒரே சூடு, ஒரே உழைப்பு. ஒன்று படுத்தால் மற்ற மூன்றும் இளசாகவா இருக்கும்? நீ எஸ்டிசியை உருவின நிமிஷமே ரெய்டு 5-இல் காப்பு என்று ஒன்றும் மிச்சமில்லை. புது டிஸ்க்கை நிரப்ப மற்ற மூன்றையும் முதல் செக்டரிலிருந்து (தகவல் எழுதுகிற சின்னத் துண்டு) கடைசி செக்டர் வரை படித்தாக வேண்டும், வருஷக்கணக்கில் யாரும் தொடாத மூலையில் ஒரு செக்டர் கெட்டுக் கிடந்தால் அது அன்றைக்குத்தான் தெரியவரும். ஞாயிற்றுக்கிழமை வேலையை விடு தம்பி. 8 டிபி யூஎஸ்பி டிஸ்க் ஒன்றைக் கடன் வாங்கியாவது முதலில் காப்பி எடு. அமுச்சி வீடியோ முதலில், பத்திரம் அடுத்தது, கல்யாணம் கடைசி. கல்யாணக்காரர்களிடம் ஆல்பமாவது இருக்கும்.

பவானி ஜமுக்காளம்:
இளநீர் சொன்னதை முடித்துவிட்டு இதைப் படிங்க.

197 என்பது படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள், 5 என்பது கெட்டுப்போய் மாற்றிடம் கொடுக்கப்பட்டவை. இரண்டும் ஏறிக்கொண்டே போய், நீண்ட சோதனையும் நடுவில் நிற்கிறதென்றால் அந்த டிஸ்க்கிடம் இரக்கம் காட்ட வேண்டியதில்லை. 199 வேறு கதை. அது டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவில் தகவல் சிதைந்த கணக்கு, பெரும்பாலும் சாட்டா கேபிள்தான் குற்றவாளி. ஒரு தடவை ஏறிய எண் இறங்காது, ஆகவே 312-ஐப் பார்த்து மிரள வேண்டாம். கேபிளை மாற்றிவிட்டு ஒரு வாரம் பாருங்க, 312-லேயே நின்றால் எஸ்டிஏ நல்ல டிஸ்க்.

சிசிடிவி டிஸ்க் ஓடும், ஓடாமல் இல்லை. ஆனால் அது நாள் முழுக்க எழுதிக்கொண்டே இருப்பதற்கென்று செய்தது. கொஞ்சம் சேர்த்துக் கொடுத்து நாஸ் வகையே வாங்குங்க. முக்கியம், சிஎம்ஆர் (தடங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாத வகை) தானா என்று மாடல் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் தரவுத்தாளில் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்க. எஸ்எம்ஆர் டிஸ்க்கில் தடங்கள் ஓட்டு வேய்ந்த மாதிரி ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும், ரெய்டு நிரப்பும்போது ஊர்ந்துபோய் உயிரை வாங்கும். நாஸ் என்று பெட்டியில் போட்டிருந்தால் மட்டும் நம்பிவிடாதீங்க. வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் ரெட் வரிசையிலேயே 2 முதல் 6 டிபி வரை எஸ்எம்ஆர் இருப்பதை 2020-இல்தான் ஒப்புக்கொண்டது, அப்புறம்தான் சிஎம்ஆர் டிஸ்க்குகளை ரெட் பிளஸ் என்று தனியாகப் பிரித்தார்கள். அதே கம்பெனி, அதே மாடல் கிடைக்கவில்லையே என்று அலைய வேண்டாம். 4 டிபிக்குக் குறையாமல் இருந்தால் போதும். வேறு கம்பெனியாக இருந்தால் எனக்கு இன்னும் சந்தோஷம், நாலும் சேர்ந்து கிழடாகாது.

அப்புறம் எதற்கு உருவணும்? போர்டில் சாட்டா போர்ட் ஒன்று காலியாக இருக்கிறதா பாருங்க. இருந்தால் புதுசை அதில் மாட்டி, ரெய்டைக் கையாளுகிற எம்டிஅட்ம் கட்டளையில் ஃபெயில், ரிமூவ் என்று போகாமல் ரீப்ளேஸ் என்ற வழியில் போங்க. பழசு உள்ளே இருக்கும்போதே அதிலிருந்து புதுசுக்குக் காப்பி நடக்கும், பழசில் படிக்க முடியாத செக்டரை மட்டும் மற்ற மூன்றையும் வைத்துக் கணக்குப் போட்டு எழுதிக்கொள்ளும். முடியும்வரை காப்பு குறையவே குறையாது. முடிந்ததும் பழசைத் தானே ஒதுக்கிவிடும், அப்புறம் ரிமூவ் கொடுத்துக் கழட்டுங்க. ஓப்பன்மீடியாவால்ட் முழு டிஸ்க்கையே ரெய்டுக்கு எடுத்துக்கொள்வதால் பார்ட்டிஷன் போடும் வேலை இல்லை.

தறிக்குடோன்:
ரொம்ப நன்றிங்க அண்ணா. ஆறு போர்ட், அஞ்சில் ஆள் இருக்கு, ஒன்று காலி. காப்பி இன்றைக்கு ராத்திரி ஆரம்பிக்கிறேன், மச்சானிடம் 8 டிபி டிஸ்க் வாங்கியாச்சு.

பவானி ஜமுக்காளம்:
அண்ணா இல்லை தம்பி, அக்கா. பெட்டி எந்த இடத்தில் வைத்திருக்கிறீங்க? டிஸ்க் சூடு எவ்வளவு?

தறிக்குடோன்:
மன்னிச்சுக்கங்க அக்கா. சூடு 51. தறிக்கூடத்துக்கும் வீட்டுக்கும் பொதுச் சுவர், அதில் அடித்த அலமாரியில் இருக்கிறது. அந்தப் பக்கம் 12 தறி.

பொள்ளாச்சி இளநீர்:
அட சாமி! நாலரை வருஷம் தாக்குப்பிடித்ததற்கு அந்த டிஸ்க்குக்கு ஒரு மாலை போடு.

பவானி ஜமுக்காளம்:
சிரிக்கிற விஷயமில்லைங்க. டிஸ்க்குக்குள் தட்டு நிமிஷத்துக்கு 5,400 சுற்று சுற்றும்போது படிக்கிற தலை ஒரு மெல்லிய தடத்தைப் பிடித்து நிற்க வேண்டும். சுவர் அதிர்ந்தால் தடம் தப்பும், அடுத்த சுற்று வரும்வரை காத்திருந்து மறுபடி படிக்கும். டிஸ்க் இதனால்தான் போனது என்று என்னால் சொல்ல முடியாது, வேகம் குறையும் என்பது நிச்சயம். 51 டிகிரிக்குப் பஞ்சுதான் காரணமாக இருக்கும், முன் ஃபேனைக் கழட்டிப் பாருங்க.

காப்பி முடிந்த பிறகு பெட்டியை வேறு ரூமுக்கு மாற்றிவிட்டு ரீப்ளேஸ் ஆரம்பியுங்க. உங்கள் ஊரில் மாதாந்திரப் பராமரிப்பு கரண்ட் நிறுத்தம் என்றைக்கு என்று கேட்டுக்கொள்ளுங்க. காலை 9 மணிக்குப் போனால் சாயங்காலம்தான் வரும், யூபிஎஸ் அதுவரைக்கும் தாங்குமா?

இன்னொன்று. எஸ்டிஏ, எஸ்டிபி என்பதெல்லாம் பெட்டி எழும்போது கிடைக்கிற வரிசைப் பெயர், அடுத்த தடவை மாறலாம். சீரியல் நம்பரைத்தான் நம்பணும்.

தறிக்குடோன்:
நாலு நாள் கழித்து வருகிறேன். முடிஞ்சுதுங்க!

ஃபேனைக் கழட்டினால் அதன் பின்னால் தலையணை உறைக்குள் திணிக்கிற அளவுக்குப் பஞ்சு, சாம்பல் நிறத்தில் அடை மாதிரி அப்படியே உரிந்து வந்தது. எடுத்ததும் சூடு 42. பெட்டி இப்போது நெல் மூட்டை இருந்த ரூமில், அம்மாவுக்குத்தான் கோபம்.

கோயமுத்தூர் போய் வேறு கம்பெனி நாஸ் டிஸ்க், சிஎம்ஆர், தரவுத்தாளைக் கடையிலேயே போனில் திறந்து பார்த்துத்தான் வாங்கினேன். வியாழக்கிழமை பராமரிப்பு நிறுத்தம், கரண்ட் வந்து அரை மணி நேரம் பொறுத்து ஆறு மணிக்கு ஆன் செய்தேன். அங்கேதான் அக்கா சொன்னது நடந்தது. புது டிஸ்க் மாட்டி எழுப்பியதும் கெட்ட டிஸ்க் எஸ்டிடி ஆகிவிட்டது, எஸ்டிசி என்ற பெயரில் நல்ல டிஸ்க் ஒன்று உட்கார்ந்திருக்கிறது! பழைய நினைப்பில் கட்டளையை டைப் அடித்துவிட்டு, என்ட்டரைத் தட்டுவதற்கு முன்னால் டிஸ்க் பட்டியல் காட்டுகிற எல்எஸ்பிஎல்கே கட்டளையில் சீரியலைப் பார்த்தேன், கை வேர்த்துவிட்டது. துணிப் பேலில் ஒட்டுகிற ஸ்டிக்கரில் சீரியலின் கடைசி நாலு எழுத்தை மார்க்கரால் எழுதி இப்போது எல்லா டிஸ்க்கின் ஓரத்திலும் ஒட்டிவிட்டேன்.

ரீப்ளேஸ் ஒன்பது மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே எடுத்தது. நடுவில் பழைய டிஸ்க் டக் டக் என்று கத்தின இடத்தில் வேகம் 120 மெகாபைட்டிலிருந்து 4-க்கு விழுந்தது, இருபது நிமிஷத்தில் தானே ஏறிக்கொண்டது. காலையில் எழுந்து ரெய்டு நிலவரம் காட்டுகிற எம்டிஸ்டாட்டில் பார்த்தால் நாலுக்கு நாலு டிஸ்க்கும் சரி. எஸ்டிஏ கேபிளும் புதுசு, 199 இன்னும் 312-தான்.

பவானி ஜமுக்காளம்:
நல்லதுங்க தம்பி. ஒரு தடவை முழு ரெய்டுக்கும் செக் ஓட்டிவிடுங்க, மூன்று பழசும் கடைசி வரை படிக்கிறதா தெரிந்துவிடும். மாதம் ஒருமுறை தானாக ஓடுகிற மாதிரியும் வைத்துக்கொள்ளுங்க.

பொள்ளாச்சி இளநீர்:
பழைய டிஸ்க்கை என்ன செய்வாய்? வாரண்டி போயிருந்தால் பிரித்து காந்தத்தை எடுத்துக்கொள், ஆனால் இரண்டையும் ஒட்டவிட்டால் விரல் நசுங்கும், எனக்கு நசுங்கியிருக்கிறது.

தறிக்குடோன்:
செக் ஓடிக்கொண்டிருக்கிறது அக்கா, இப்போது 31 விழுக்காடு. மச்சான் தன் 8 டிபியைத் திருப்பிக் கேட்கிறார். செக் முடியட்டும் மச்சான் என்று சொல்லியிருக்கிறேன், அடுத்த மாதம் எனக்கென்று ஒன்று வாங்குகிற வரைக்கும் இந்தச் செக் முடியாது என்று நினைக்கிறேன்.