படம் வந்து மூன்று நாள் யாரும் வாய் திறக்கக் கூடாதா?

கரூர்க்காரன்:
பக்கத்து இழையில் பிலிம்பெட்டி அண்ணன் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. அதனால்தான் தனி இழை. அவர் எழுதியது இது:

//விமர்சனம் பார்த்துவிட்டு தியேட்டருக்குப் போகிறவன் ரசிகனே இல்லை. படம் வந்து மூன்று நாளைக்கு எவனும் பேசக் கூடாது. கேரளாவில் ஏழு நாள் தடையே இருக்கிறது, கோர்ட் ஆர்டர்.//

கேரளாவில் அப்படி ஓர் ஆணை கிடையாது. 2023-ல் ஒரு மலையாளப் பட இயக்குநர் அங்கே உயர் நீதிமன்றத்தில் ஏழு நாள் விமர்சனம் கூடாது என்று கேட்டார். அப்படித் தடை எதுவும் போடவில்லை என்று நீதிமன்றமே விளக்கம் கொடுத்தது. 2024 மார்ச்சில், நீதிமன்றத்துக்கு உதவ நியமிக்கப்பட்ட வழக்கறிஞர் 48 மணி நேரம் பொறுக்கலாம் என்று ஒரு யோசனை சொன்னார். யோசனைதான், ஆணை இல்லை. நம் ஊரிலும் 2024 டிசம்பரில் நடப்பு தயாரிப்பாளர்கள் சங்கம் மூன்று நாள் தடை கேட்டு சென்னை உயர் நீதிமன்றம் போனது. கருத்துச் சுதந்திரம் என்று சொல்லி இடைக்காலத் தடை தர மறுத்துவிட்டார்கள்.

எங்கள் வீட்டில் மாதம் ஒரு படம், நாலு பேர், சனிக்கிழமை சாயங்காலம். வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் யாராவது நேர்மையாகச் சொன்னால்தான் நான் டிக்கெட் போட முடியும். திங்கட்கிழமை சொல்கிற விமர்சனத்தை வைத்து நான் என்ன செய்ய?

பிலிம்பெட்டி:
தம்பி, என் சித்தப்பா செங்கல்பட்டு ஏரியாவுக்குப் படங்களின் விநியோக உரிமை வாங்கி ஓட்டியவர். வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்து மினிமம் கேரண்டி (படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் தயாரிப்பாளருக்கு முன்னாலேயே தருகிற தொகை) கட்டினவர். வெள்ளி, சனி, ஞாயிறு வருகிற காசுதான் காசு. திங்கட்கிழமை பாதி ஸ்கிரீன் கையை விட்டுப் போய்விடும். நாலு வாரத்தில் ஓ.டி.டி.யில் வந்துவிடும். அந்த மூன்று நாளில்தான் உங்கள் யூடியூப் ஆட்கள் வாசலில் மைக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். பந்தியில் முதல் ஆள் ஒரு வாய் வைத்துவிட்டு எழுந்து போய் தெருவில் நின்று உப்பில்லை என்று கத்தினால் அடுத்த பந்தியில் யார் உட்காருவார்?

கேரளா விஷயம் பேப்பரில் வந்தது. நானே படித்தேன். ஏழு நாள்.

கரூர்க்காரன்:
//நானே படித்தேன்//

எந்தத் தேதி, எந்த நீதிபதி, எந்த ஆணை? போடுங்கள். பேப்பரில் வந்தது வழக்கில் கேட்ட கோரிக்கை. கேட்டதையும் கொடுத்ததையும் ஒன்றாக்காதீர்கள். ஏழு நாள் தடை இருந்திருந்தால் அதற்குப் பிறகு வந்த மலையாளப் படங்களுக்கு எல்லாம் முதல் நாளே எப்படி விமர்சனம் வந்தது?

உப்பில்லை என்றால் உப்பில்லை என்றுதான் சொல்வார்கள். சமையல்காரருக்குக் கோபம் வரும் என்று மற்றவர்களும் காசு கொடுத்து உட்கார வேண்டுமா?

மதுரை மீனா:
நீங்கள் இரண்டு பேரும் கோர்ட் வாசலிலேயே நிற்கிறீர்கள். எனக்கு முதல் நாள் விமர்சனம் எதற்கு என்று சொல்கிறேன். எனக்கு ஏழு வயதில் பையன். கதை நல்லா இருக்கா இல்லையா என்பதை நான் பார்த்துக்கொள்வேன். வெட்டுக்குத்து எவ்வளவு, சத்தம் எவ்வளவு, குழந்தை பயப்படுமா, இதைத்தான் யாராவது சொல்ல வேண்டும். இப்போது பெற்றோர் பார்த்து முடிவு செய்ய வேண்டிய யு/ஏ சான்றிதழை 7+, 13+, 16+ என்று வயதுவாரியாகப் பிரித்திருக்கிறார்கள், நல்ல விஷயம். ஆனால் அந்தச் சின்ன எழுத்தை போஸ்டரில் தேட வேண்டியிருக்கிறது. 2025 ஆகஸ்ட்டில் ‘கூலி’ ஏ சான்றிதழோடு வந்தது. தலைவர் படம்தானே என்று குழந்தைகளோடு போக நினைத்த குடும்பங்கள் எத்தனை! ஏ என்றால் 18-க்குக் கீழே விட முடியாது. இதை முதல் நாளே உரக்கச் சொல்ல ஆள் வேண்டும்.

கடைசிவரிசை:
மேடம் சத்தம் என்றதும் ‘கங்குவா’வைத்தான் சொல்கிறீர்கள் என்று தெரிகிறது. எழுதியே விடுங்களேன். 2024 நவம்பர் 14 காலையிலிருந்து திட்டம் போட்டு அடித்தார்கள். ஜோதிகா மேடமே சொன்னார்கள், முதல் அரை மணி நேரமும் இரைச்சலும்தான் சரியில்லை, மற்றபடி படம் உழைப்பு என்று. அந்த அரை மணியை வைத்து மொத்தப் படத்தையும் குழி தோண்டிப் புதைத்தது யார்? நான் சூர்யா அண்ணன் ரசிகன். விமர்சனம் பார்க்காமல்தான் போவேன்.

மதுரை மீனா:
கடைசிவரிசை, ஆஸ்கர் வாங்கிய ஒலி வடிவமைப்பாளர் ரசூல் பூக்குட்டியே அந்தச் சத்தத்தைப் பற்றி வெளிப்படையாக வருத்தப்பட்டார். அப்புறம் தயாரிப்புத் தரப்பே ஒலியைக் குறைத்தது, சுமார் 12 நிமிடம் வெட்டியது. யாரும் முதல் நாள் வாய் திறக்காமல் இருந்திருந்தால் அது நடந்திருக்குமா? ஒவ்வொரு காட்சியிலும் ஜனங்கள் காதைப் பொத்திக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

கரூர்க்காரன்:
மீனா மேடம் சொன்னது நூற்றுக்கு நூறு. ‘மெய்யழகன்’ கூட அப்படித்தான். 2024 செப்டம்பர் 27-ல் வந்தது, நீளம் என்று எல்லோரும் சொன்னார்கள், சில நாளிலேயே 18 நிமிடம் குறைத்தார்கள். (எனக்கு அந்த நீளமான பதிப்புதான் பிடித்தது, அது வேறு.)

பிலிம்பெட்டி அண்ணன் வசதியாக விட்டுவிடுகிற பக்கத்தையும் சொல்கிறேன். அதற்கு ஒரு வாரம் முன்னால், செப்டம்பர் 20-ல் ‘லப்பர் பந்து’ வந்தது. பெரிய ஹீரோ கிடையாது, கட்டவுட் கிடையாது. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் விமர்சனம் எழுதினவன், வீடியோ போட்டவன், பார்த்துவிட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரன் எல்லோரும் சொன்னதால்தான் கூட்டம் வந்தது. 2025 மே 1-ல் ‘ரெட்ரோ’ வந்த அதே நாளில் ‘டூரிஸ்ட் ஃபேமிலி’யும் வந்தது. அவ்வளவு பெரிய படத்துக்கு எதிரே அந்தச் சின்னப் படம் நின்றது யாரால்? மூன்று நாள் எல்லோரும் வாயைப் பொத்தியிருந்தால் திங்கட்கிழமை அதற்கு ஸ்கிரீனே இருந்திருக்காது. நீங்கள் சொன்னதுதானே, திங்கட்கிழமை பாதி ஸ்கிரீன் போய்விடும் என்று? அப்படியானால் உங்கள் மூன்று நாள் தடை யாரைக் காப்பாற்றும்? பெரிய ஓப்பனிங் உள்ள மோசமான படத்தை மட்டும்தான்.

அந்த ஆணை இன்னும் வரவில்லை அண்ணே.

பிலிம்பெட்டி:
ஆணை ஆணை என்று ஒன்றையே பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். ஏழோ, இரண்டோ, விஷயம் அது இல்லை. விமர்சனம் கொன்ற நல்ல படங்களின் பட்டியல் வேண்டுமா? ‘அன்பே சிவம்’. ‘ஆயிரத்தில் ஒருவன்’. இன்றைக்குத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறீர்களே, அன்றைக்கு முதல் மூன்று நாளில் என்ன பேசினீர்கள்? புரியவில்லை, இழுவை. தயாரித்தவன் கதி என்ன ஆயிற்று?

கரூர்க்காரன்:
இப்போது ஏழு நாள் இரண்டு நாளாகிவிட்டது. எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள்.

‘அன்பே சிவம்’ 2003 பொங்கலுக்கு வந்தது. யூடியூப் ஆரம்பித்ததே 2005-ல்தான். ‘ஆயிரத்தில் ஒருவன்’ 2010 பொங்கல். அன்றைக்கு வாசலில் மைக் நீட்டியவன் யார்? செல்போனில் வீடியோ பார்த்து முடிவு செய்தவன் எவ்வளவு பேர்? படம் பார்த்தவன் டீக்கடையில் பேசியதுதான். அதையும் தடை செய்வீர்களா? ‘ஆயிரத்தில் ஒருவன்’ 2021 டிசம்பர் கடைசியில் திரும்ப தியேட்டருக்கு வந்ததே, அதற்குக் காரணமும் ஜனங்கள் விடாமல் பேசியதுதான்.

கடைசிவரிசை:
நடுவில் நான் ஒன்று கேட்கிறேன். பக்கத்து மாநிலங்களில் விடியற்காலை 4 மணிக்கே காட்சி. தமிழ்நாட்டில் மட்டும் 9 மணி. நாம் பல் விளக்குவதற்குள் பாலக்காட்டிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கதை மொத்தமும் வந்துவிடுகிறது. நம் படத்தை நமக்கு முன்னால் அவன் பார்க்கிறான். முதலில் இதைச் சரி செய்யுங்கள், அப்புறம் மூன்று நாள், ஏழு நாள் எல்லாம் பேசலாம்.

மதுரை மீனா:
9 மணி ஆனது சும்மா இல்லை. 2023 ஜனவரியில் சென்னையில் ஒரு தியேட்டர் வாசலில், நள்ளிரவுக் காட்சிக் கொண்டாட்டத்தில் லாரி மேல் ஏறி ஆடிய ஒரு பையன் விழுந்து செத்தான். அவன் அம்மாவுக்குப் போய்ச் சொல்லுங்கள், 4 மணிக் காட்சி வேண்டும் என்று.

கடைசிவரிசை:
ஒருவன் லாரி மேல் ஏறினான் என்பதற்காக நாங்கள் எல்லோரும் குற்றவாளியா? எப்போதும் ரசிகர்களை மட்டம் தட்டுவதே உங்களுக்கு வேலை. தீபாவளி இழையிலும் இதைத்தான் செய்தீர்கள்.

மதுரை மீனா:
தீபாவளி இழையில் நீங்கள் என்னைப் பற்றி எழுதியதை அட்மின் அழித்தார். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பிலிம்பெட்டி:
இதில் பெரிய நியாயம் பேசுகிற கரூர்க்காரனுக்கு: சினிமா டிக்கெட் அப்படியொன்றும் உங்களைத் தெருவில் நிறுத்தவில்லை. மல்டிபிளெக்ஸ் டிக்கெட்டுக்கு அரசு 2017-லேயே 150 ரூபாய் உச்சவரம்பு வைத்துவிட்டது. மற்ற ஊர்களில் 500, 600 வாங்குகிறார்கள். 150 ரூபாய்க்கு இத்தனை விசாரணையா?

கரூர்க்காரன்:
150-ஐ நாலால் பெருக்குங்கள். அதன் மேல் உள்ளாட்சி வரி, ஜி.எஸ்.டி., டிக்கெட்டுக்கு டிக்கெட் ஆப் கட்டணம், வண்டி நிறுத்தக் கட்டணம். இடைவேளையில் பிள்ளைகள் பாப்கார்ன் கேட்கும். வீட்டிலிருந்து முறுக்கு கொண்டுபோனால் வாசலில் பிடுங்கி வைக்கிறார்கள். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வெளி உணவைத் தடுக்க தியேட்டருக்கு உரிமை உண்டு என்று சொன்னது, சரி. அதே தீர்ப்பில் குடிதண்ணீர் இலவசமாகத் தர வேண்டும் என்றும், கைக்குழந்தைக்கான உணவைத் தடுக்கக் கூடாது என்றும் இருக்கிறது. எத்தனை தியேட்டரில் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று எழுதிப் போட்டிருக்கிறார்கள்? ஒரு மாதச் செலவில் துண்டு விழுகிற காசு இது. படம் பிடிக்கவில்லை என்று இடைவேளையில் வெளியே வந்தால் ஒரு ரூபாய் திருப்பித் தருவீர்களா? தர மாட்டீர்கள். அப்படியானால் முன்கூட்டியே விசாரிக்கத்தான் செய்வேன்.

நான் எப்படி முடிவு செய்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரசனை எனக்கு ஒத்துப்போகிற இரண்டு மூன்று பேர் எழுதுவதை மட்டும் படிப்பேன். ஒருவருக்குப் பிடிக்காதது எனக்குப் பிடிக்கும் என்றால் அவரும் எனக்குப் பயன்படுவார். கதையை உடைப்பவனைப் படிக்க மாட்டேன். வாசலில் கத்துகிறவனையும் நம்ப மாட்டேன், அவன் யார் காசில் கத்துகிறான் என்று தெரியாது. இதற்கு எந்தத் தடையும் வேண்டாம், பார்க்கிறவனுக்குக் கொஞ்சம் நிதானம் போதும்.

பிலிம்பெட்டி:
//வாசலில் கத்துகிறவனையும் நம்ப மாட்டேன்//

நான் முதலிலிருந்து சொல்வதே அதுதானே! 2024 நவம்பரில் தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர்கள் சங்கம் (கோர்ட்டுக்குப் போன நடப்பு சங்கம் இல்லை, இது வேறு) கேட்டதும் அதுதான், தியேட்டர் வளாகத்துக்குள் யூடியூப் சேனல்களை விடாதீர்கள் என்று.

கரூர்க்காரன்:
இல்லை. நீங்கள் முதலிலிருந்து சொன்னது ‘எவனும் பேசக் கூடாது’. மேலே இருக்கிறது, ஏறிப் பாருங்கள். வளாகத்துக்குள் மைக் வேண்டாம் என்பது வேறு, மூன்று நாள் நாடே வாயை மூடு என்பது வேறு. இரண்டையும் குழப்பி நழுவப் பார்க்காதீர்கள்.

கேரள ஆணை?

பிலிம்பெட்டி:
என் சித்தப்பா வீட்டில் அந்தப் பேப்பர் இருக்கிறது. எடுத்துப் போடுகிறேன்.

கடைசிவரிசை:
அண்ணே, போடும்போது 4 மணிக் காட்சி பற்றியும் ஏதாவது இருந்தால் சேர்த்துப் போடுங்கள்.

மதுரை மீனா:
பேப்பர் வரட்டும். இந்த வாரம் புதிதாக வந்ததில் எதற்கு 7+ சான்றிதழ் என்று யாருக்காவது தெரியுமா? இரண்டு இழையிலும் கேட்டுவிட்டேன், பதிலே இல்லை.

கரூர்க்காரன்:
மேடம், அதற்குத் தனி இழை போடுங்கள், இங்கே கலக்க வேண்டாம். அண்ணே, பேப்பர் என்றால் செய்தி. நான் கேட்பது ஆணை. இரண்டும் ஒன்று இல்லை என்று இன்னும் எத்தனை தரம் எழுத வேண்டும்?